ஒரே கை, ஒரே கலர் பெட்டி... தாள் மட்டும் வேற! மண்ணச்சநல்லூரில் ஒரு வாட்டர்கலர் பயணம்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, திருவானைக்காவல், கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட் என்று வரிசையாக வரும். டோல்கேட்டில் பாதி பஸ் காலியாகிவிடும். அங்கிருந்து துறையூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே காற்றில் வாசனை மாறும். நெல் அவிக்கிற வாசனை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாலும், 'மண்ணச்சநல்லூர் வந்துடுச்சு, எந்திரி' என்று அந்த வாசனையே எழுப்பிவிடும்.

அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர் இது. தமிழ்நாட்டில் பல வீடுகளின் சமையலறையில் இருக்கும் பொன்னி அரிசி மூட்டையில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இது அம்மா பிறந்த ஊர். தாத்தா இங்கே ஒரு மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இப்போது அந்த வீட்டில் சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கும் மில் வேலைதான்.

இந்த முறை நான் போனது விருந்துக்கு இல்லை. சித்தி போனில் சொன்ன ஒரு விஷயத்துக்காக. "உன் தங்கச்சி பெயின்டிங் பண்றதையே விட்டுட்டாடி. கலர் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. நீ வந்து கேளேன்."

வராதுக்கா, விட்டுடு!

தங்கச்சி ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே கையில் பென்சில் இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை. நான் கேட்டதும் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து போட்டாள்.

"பாருக்கா. ஸ்கெட்ச் நல்லா வருது. கலர் வெச்சதும் எல்லாம் நாசம். வானத்துக்கு நீலம் போட்டா திட்டுத் திட்டா நிக்குது. ரெண்டாவது தடவை பிரஷ் வெச்சா தாள் உரிஞ்சு திரி திரியா வருது. காஞ்சதும் அப்பளம் மாதிரி சுருண்டுக்குது. போட்டிக்கு வந்த ஜட்ஜ், 'உனக்கு வாட்டர்கலர் வராதும்மா, கிரேயான்ல பண்ணு'ன்னு சொல்லிட்டார். எனக்கு வராதுக்கா, விட்டுடு."

ஒவ்வொரு படமாகப் புரட்டினேன். மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தூரத்து வீட்டை வெளிறிய நிறத்தில் போட்டிருக்கிறாள். கையில் குறையில்லை. ஆனால், எல்லாமே ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பரிலும் ஸ்கூல் டிராயிங் நோட்டிலும் வரைந்தவை.

டிப்ளமோ படித்த காலத்தில் நானும் வார இறுதிகளில் வாட்டர்கலர் பழகியவள்தான். முதல் ஆறு மாதம் இதே அழுகை அழுதிருக்கிறேன். அவளிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, பதில் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் இரண்டு படங்கள்

தாத்தா வரைந்த இரண்டு வாட்டர்கலர் படங்கள் அந்தக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருப்பவை. ஒன்று, அவர் வேலை பார்த்த மில். புகைபோக்கி, களம், நெல்லைக் காலால் தள்ளிக் கிளறிவிடும் இரண்டு பெண்கள். இன்னொன்று, கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம்.

மில் படத்தை இன்று யாரிடமாவது காட்டினால், 'இது என்ன, டீ கொட்டிடுச்சா?' என்று கேட்பார்கள். தாள் பழுப்பேறி, ஓரமெல்லாம் பொடிந்து உதிர்கிறது. வானம் எது, களம் எது என்றே தெரியவில்லை. பாலம் படமோ நேற்று வரைந்தது போல இருக்கிறது. ஆற்று மணலின் மஞ்சளுக்கும் தண்ணீரின் நீலத்துக்கும் நடுவே விட்டிருக்கும் வெள்ளை அப்படியே வெள்ளையாக இருக்கிறது.

"ரெண்டும் தாத்தா ஒரே வருஷத்துல வரைஞ்சது. ஒரே கலர் பெட்டி" என்றார் சித்தி. "மில் படம் கடையில வாங்குன டிராயிங் நோட்டுல. பாலம் படத்துக்குத் தாள், மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த பிட்டர் கொடுத்ததாம். பிளான் போடுற தாள்ல மிச்சம்னு ஒரு துண்டு கொடுத்தாராம்."

சித்தப்பா பாலம் படத்தை ஃபிரேமிலிருந்து கழற்றிக் கொடுத்தார். மொட்டை மாடியில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். தாளின் ஓரத்தில், அரையும் குறையுமாக, நாலைந்து ஆங்கில எழுத்துகள் தாளுக்குள்ளிருந்தே வெளிச்சமாகத் தெரிந்தன. வாட்டர்மார்க்! தாள் ஈரக் கூழாக இருக்கும்போதே அச்சில் பதிக்கும் முத்திரை அது. அந்தக் காலத்தில் தரமான தாள் செய்பவர்கள் போட்ட கையெழுத்து.

தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ தாத்தாவுக்கும் பாதிப் படம் நாசமாப் போச்சா?"

"தாத்தாவுக்கு இல்லை. தாளுக்கு" என்றேன்.

ஆனால், இதில் வருத்தம் ஒன்று உண்டு. அந்த மில் இன்று இல்லை. இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. தாத்தா வேலை பார்த்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பது அந்தப் பொடியும் தாள் ஒன்றுதான். பாலமும் போய்விட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது மட்டும் தாத்தா படத்தில் திடமாக நிற்கிறது.

கஞ்சி போட்ட வேட்டி, கஞ்சி போட்ட தாள்

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, தாள் எதிலிருந்து செய்யப்பட்டது என்பது. சாதாரணத் தாள் மரக்கூழில் செய்வது. மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அதை முழுதாக நீக்காத மலிவான தாள், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். பழைய நியூஸ் பேப்பர் மஞ்சளாவது இதனால்தான். கூடவே அந்தக் காலத்துத் தாள்களில் படிகாரம் சேர்ப்பார்கள். அது காலப்போக்கில் அமிலமாகி, தாளின் நாரையே அரித்துவிடும். ஓரம் பொடிவது அதனால். பருத்தியோ இயற்கையிலேயே கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். நாரும் நீளம், உறுதியும் அதிகம். பருத்தித் தாள் நூறு வருடத்துக்கு மேலும் தாங்கும்.

இரண்டாவது காரணம் நம்ம வீட்டு விஷயம். கஞ்சி!

கஞ்சி போடாத வேட்டியில் காபி கொட்டினால் சட்டென்று உறிஞ்சிப் பரவும். மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு நொடி தயங்கி நிற்கும். தாளுக்கும் இப்படி ஒரு பசையூட்டல் உண்டு. சைஸிங் என்பார்கள். அது இல்லாவிட்டால் எந்தத் தாளும் மை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர்தான். வைத்த இடத்தில் நிறம் உள்ளே இறங்கிவிடும். பிரஷ்ஷால் நகர்த்தவே முடியாது. தங்கச்சியின் வானம் திட்டுத் திட்டாக நின்றது இதனால்தான்.

அந்தக் காலத்தில் அரபு நாட்டுக் காகிதக் கைவினைஞர்கள் நிஜமாகவே மாவுக் கஞ்சிதான் பூசினார்கள். நம் நாட்டில் கையால் செய்த தாள்களுக்கும் மாவுப்பசை பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் இருந்தது. 13-ம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபேப்ரியானோ நகரத்துக்காரர்கள் கஞ்சிக்குப் பதிலாக விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பூசத் தொடங்கினார்கள். வாட்டர்மார்க் போடும் பழக்கத்தைத் தொடங்கிவைத்த ஊரும் அதுதான். இன்றும் உயர்தர வாட்டர்கலர் தாள்கள் பலவற்றில் ஜெலட்டின் உண்டு. அது வேண்டாம் என்பவர்களுக்கு, விலங்குப் பொருள் சேராத தாள்களும் கிடைக்கின்றன. லேபிளில் பார்த்து வாங்கலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்தார். "இதத்தானேம்மா நாங்க மில்லுல தினம் பண்றோம். நெல்லு ஊறணும், அவியணும், அப்புறம் பக்குவமா காயணும். சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல ஒரே மூச்சா காயவெச்சா அரிசி உள்ளுக்குள்ளயே வெடிச்சுடும். அரைச்சா எல்லாம் நொய்யாப் போகும். தண்ணிய வாங்குறதும் விடுறதும் நிதானமா நடக்கணும்."

வாட்டர்கலர் தாளுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. நல்ல தாள் தண்ணீரை நிதானமாக வாங்கி, நிதானமாக விடும். அந்த இடைவெளியில்தான் ஓவியருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது.

மூன்று தாள், ஒரு சொட்டுத் தண்ணீர்

மாலையில் மொட்டை மாடியில் ஒரு சோதனை வைத்தோம். நான் பையில் கொண்டுவந்திருந்த தாள்களில் மூன்றை எடுத்தேன். ஒன்று, ஜெராக்ஸ் தாள். இரண்டு, மரக்கூழில் செய்த மாணவர்களுக்கான வாட்டர்கலர் தாள். மூன்று, நூறு சதவிகிதம் பருத்தித் தாள். மூன்றிலும் பிரஷ்ஷால் ஒவ்வொரு சொட்டு நீலம் வைத்தாள் தங்கச்சி.

ஜெராக்ஸ் தாளில் அந்த இடம் உடனே உப்பி மேடானது. இரண்டாவது தாளில் சொட்டு மேலேயே நின்று, பிறகு விளிம்பில் அழுத்தமான கோடு விட்டுக் காய்ந்தது. மூன்றாவதில் பளபளவென்று கொஞ்ச நேரம் நின்று, மெல்ல உள்ளே இறங்கி, ஒரே சீராகக் காய்ந்தது. அது ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு சொட்டு மஞ்சள் வைக்கச் சொன்னேன். இரண்டும் தானாகவே கைகோத்துப் பச்சையானது.

"அய்யோ, அக்கா!" என்றாள். அவ்வளவுதான்.

நீங்களும் எந்தத் தாளையும் இப்படிச் சோதிக்கலாம். சொட்டு உடனே உள்ளே போனால் பசை போதவில்லை. முத்து மாதிரி உருண்டு நின்றுகொண்டே இருந்தால் பசை அதிகம். நடுவில் இருப்பதே நமக்கு வேண்டியது. காய்ந்த பிறகு ஈரப் பிரஷ்ஷால் ஏழெட்டு முறை தேய்த்துப் பாருங்கள். திரி திரியாக உரிந்தால் அந்தத் தாளில் திருத்தமே செய்ய முடியாது. ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். தோல் கிழிந்து வந்தால் அதுவும் மைனஸ்தான்.

இன்னொன்று, பொறுமைக்காரர்களுக்கான சோதனை. தாளில் பாதியை அட்டையால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் சில வாரம் விட்டுவிடுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தால், வருங்காலத்தில் அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று ஜாதகம் தெரிந்துவிடும்.

அந்த 300 என்ன கணக்கு?

வாட்டர்கலர் தாளின் அட்டையில் 200 ஜிஎஸ்எம், 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்று அர்த்தம். ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் 16-ல் ஒரு பங்கு. ஆக, 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 19 கிராம் அளவுக்கு இருக்கும். 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் 5 கிராம்கூட வராது.

சித்தப்பாவிடம் நெல் சாம்பிள் எடை போடும் சின்ன தராசு இருக்கிறது. ஒரு தட்டில் என் வாட்டர்கலர் தாள் ஒன்றை வைத்தார். இன்னொரு தட்டில் ஜெராக்ஸ் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தார். நாலாவது தாளில் தராசு சமமானது. "நாலு பேர் தாங்குற தண்ணிய இவன் ஒருத்தனே தாங்குறான்" என்றார்.

ஈரமானதும் நார்கள் உப்பும், காயும்போது சுருங்கும். இந்த இழுபறியில்தான் தாள் அப்பளமாகிறது. கனமான தாள் இதைச் சமாளிக்கும். 200-க்குக் கீழே போனால், தாளை முதலில் தண்ணீரில் நனைத்து, பலகையில் நாலு பக்கமும் பசை டேப் ஒட்டி, காயவிட்டு, பிறகுதான் வரைய வேண்டும். 300 என்றால் சும்மா கிளிப் போட்டு வரையலாம். ஆறு, வானம் என்று தண்ணீர் ஊற்றி வரைகிறவர்களுக்கு 300 நல்ல தொடக்கம். 640 ஜிஎஸ்எம் தாளும் இருக்கிறது. கிட்டத்தட்ட அட்டை மாதிரி. சுருளவே சுருளாது. விலையும் அதற்கேற்றபடி.

அடுத்து, தாளின் முகம். ஹாட் பிரஸ் என்பது சூடான உருளையில் அழுத்திய வழுவழுப்பான தாள். பூவிதழ், முகம், நுணுக்கமான கோபுர வேலைப்பாடுக்கு ஏற்றது. ஆனால், தண்ணீர் இதில் வழுக்கி ஓடும். புதியவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். கோல்ட் பிரஸ் என்பது லேசான சொரசொரப்பு. எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். ஒரே ஒரு தாள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ரஃப் என்பது கம்பளிமேல் காயவைத்தது போன்ற மேடு பள்ளம். காய்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் மேட்டில் மட்டும் நிறம் ஒட்டி, பள்ளத்தில் வெள்ளை மின்னும். கொள்ளிடத்து மணல், பாறை, வெயிலில் பளபளக்கும் தண்ணீருக்கு இது கைகொடுக்கும்.

தாளே இல்லாமல் வரைந்த திருச்சி!

சரி, தண்ணீரையே உறிஞ்சாத பரப்பில் வரைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத் திருச்சியிலேயே பதில் இருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் மைக்கா ஓவியங்களுக்குப் பேர் போன ஊர்களில் திருச்சியும் ஒன்று. மைக்கா என்பது கண்ணாடி போல ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். அந்த மெல்லிய தகட்டில் தொழிலாளர்கள், விழாக்கள், விதவிதமான உடைகள் என்று நம்மூர் ஓவியர்கள் வரைந்தார்கள். ஊர் திரும்பும் பிரிட்டிஷார் அதை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றார்கள். அட்டையில் ஒரு முகத்தை வரைந்துவிட்டு, அதன்மேல் முகமில்லாத உடை ஓவியங்களை ஒவ்வொன்றாக வைத்து மாற்றிப் பார்க்கும் செட்டுகள்கூட இருந்தன. இன்றைய போன் ஃபில்டர்களின் கொள்ளுத்தாத்தா! லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இத்தகைய மைக்கா ஓவியங்கள் இருக்கின்றன.

மைக்கா துளித் தண்ணீரையும் குடிக்காது. அதனால் அந்த ஓவியர்கள் நிறத்தைக் கரைத்துப் பரவவிடவில்லை. கெட்டியான, ஒளிபுகாத நிறத்தை மேலே படியவைத்தார்கள். பரப்புக்கு ஏற்றபடி கையை மாற்றிக்கொண்டார்கள்.

அவர்களுக்கு முன்பே, 1792-ல், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய உறவுக்கார ஜோடி திருச்சிக்கு வந்து மலைக்கோட்டையை வரைந்தது. பென்சிலில் வரைந்து, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசும் பாணி அவர்களுடையது. அதற்குத் தண்ணீரைத் தாங்கும் தாள் வேண்டும். ஒரே மலைக்கோட்டை ஊர், இரண்டு பரப்பு, இரண்டு வகை ஓவியம்.

சென்னையில் வாழ்ந்த ஓவியர் எஸ்.ராஜத்தை பலருக்குத் தெரிந்திருக்கும். சங்கீத மும்மூர்த்திகளை வரைந்தவர். அவர் கையாண்ட 'வாஷ்' முறை வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் காலத்தில் பிரபலமானது. நிறம் பூசி, காயவைத்து, தாளையே தண்ணீரில் நனைத்தெடுத்து, மறுபடி நிறம் பூசுவது. சார்ட் பேப்பரில் இதைச் செய்தால் வாளியில் கூழ்தான் மிஞ்சும்!

காகிதபுரம், புதுச்சேரி, திருப்பூர்

நமக்குக் காகிதம் ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. காவிரிக்கரையோரமாக மேற்கே போனால் கரூர் மாவட்டத்தில் காகிதபுரம் என்று ஓர் ஊரே இருக்கிறது. அரசின் டிஎன்பிஎல் ஆலை அங்கே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. அதே நிறுவனத்தின் அட்டை ஆலை ஒன்று திருச்சி மாவட்டத்திலேயே, மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் இருக்கிறது. ஆனால், எழுதவும் அச்சிடவும் பெட்டி செய்யவும் தயாராகும் தாள் வேறு, வாட்டர்கலர் தாள் வேறு. நாம் அதை வாங்கி வரைந்துவிட்டுத் தாளைக் குறை சொன்னால், அது தாளின் தப்பு இல்லை. அதன் வேலையே வேறு.

பருத்தித் தாளுக்கு நம் பக்கத்திலேயே இருக்கும் இடம் புதுச்சேரி. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகித ஆலை 1959-ல் தொடங்கியது. இந்தியாவின் கைவினைக் காகிதக் கூடங்கள் பலவற்றுக்கு மூலப்பொருள், பனியன் கம்பெனிகள் வெட்டிப்போடும் துணிதான். நாம் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் மிச்சத் துண்டில் யாரோ காவிரியை வரைந்துகொண்டிருக்கலாம்!

கைவினைக் காகிதத்துக்குப் பாடுபட்டவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் பொறுப்பை ஏற்று நடத்தியவர். ஜெய்ப்பூர் சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைவினைக் காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கைவினைத் தாள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'ஹேண்ட்மேட்' என்று இருப்பதெல்லாம் வாட்டர்கலருக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகை, கிஃப்ட் பைக்குச் செய்த தாளில் பசை குறைவாக இருக்கும். ஒரே ஒரு தாள் வாங்கி, சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

திருவெள்ளறையில் வெள்ளை

மறுநாள் காலை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு துறையூர் பஸ்ஸில் ஏறினேன். பெருவளை வாய்க்கால் பாயும் வயல்களைத் தாண்டினால், கொஞ்ச நேரத்தில் திருவெள்ளறை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புண்டரீகாக்ஷப் பெருமாள் கோயில் ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. வாசலில் முழுமை பெறாத மொட்டைக் கோபுரம். கோயிலுக்கு வெளியே, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வெட்டிய ஸ்வஸ்திக் வடிவக் கிணறு. நாலு பக்கமும் படிகள் வளைந்து இறங்குவதால், ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது. வரைகிறவர்களுக்கு அந்தப் படிகளில் விழும் நிழல் பெரிய விருந்து.

வெள்ளறை என்றால் வெள்ளைப் பாறை. அதைச் சொன்னதும் தங்கச்சி, "அப்போ வெள்ளை டியூப் எடுக்கணுமே, கொண்டு வரலையே" என்றாள்.

"வேண்டாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். பாறையில் வெயில் படும் இடத்தை அப்படியே விட்டுடு" என்றேன்.

தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே கடைசி பதில். மற்ற ஓவியங்களில் தாளும் கேன்வாஸும் கீழே மறைந்துவிடும். வாட்டர்கலரில் வெளிச்சம் நிறத்துக்குள் புகுந்து, தாளில் பட்டு, திரும்பி வருகிறது. தாள் பழுத்தால் படத்தின் வெயிலே பழுத்துவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு டிப்ஸ். கோடையில் வானம் பூசி முடிப்பதற்குள் ஒரு ஓரம் காய்ந்துவிடும். பருத்தித் தாளின் இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் பலகையில் ஒட்டினாற்போல் படுக்கவையுங்கள். கூடுதல் நேரம் ஈரம் நிற்கும். நிழலில் உட்கார்ந்து வரையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். நெல்லுக்குச் சொன்னதுதான் தாளுக்கும்.

கடைக்குப் போகும் முன்...

* லேபிளில் 'நூறு சதவிகிதம் காட்டன்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 'காட்டன் டெக்ஸ்ச்சர்' என்பது வேறு, 25 சதவிகிதம் காட்டன் என்பதும் வேறு. 'ஆசிட் ஃப்ரீ' என்றும் இருக்க வேண்டும்.

* முதல்முறை வாங்குபவர்களுக்கு 300 ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ் போதும்.

* பேடாக வாங்குவதைவிடப் பெரிய தாளாக வாங்கினால் பெரும்பாலும் லாபம். 22-க்கு 30 இன்ச் தாளை மடித்துக் கிழித்தால் 16 சின்னத் தாள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் போஸ்ட் கார்டைவிடப் பெரியது.

* பட்ஜெட் குறைவா? கலரிலும் பிரஷ்ஷிலும் சிக்கனம் பிடியுங்கள். ஒரு பிரஷ், மூன்று நிறம் போதும். நிறக் கலவையை மலிவான தாளில் பழகுங்கள். ஈர வேலையை மட்டும் பருத்தித் தாளில் செய்யுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

* வாங்கிய தாளைப் பிளாஸ்டிக் கவரில், ஈரம் படாத இடத்தில் படுக்கைவசமாக வையுங்கள். ஈரக்காற்றில் கிடந்தால் பசை கெட்டு, நிறம் பூசும்போது புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள்.

* வீட்டில் பழைய ஓவியம் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள் அல்லது ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் இருக்கும் மலிவு அட்டையை நீக்கி, ஆசிட் ஃப்ரீ அட்டை வைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி படத்தை ஒட்டியபடி இருக்கக் கூடாது.

புகைபோக்கி மறுபடி எழுந்தது

ஊருக்குக் கிளம்பும் முன் தாத்தாவின் மில் படத்தைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தேன். போனில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியபோது, கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த ஒன்று வெளியே வந்தது. களத்தின் மூலையில், குடையோடு ஓர் ஆள் நிற்கிறார். கையில் நோட்டு.

சித்தி ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பாதான். கணக்கு நோட்டை விடவே மாட்டார்" என்று உள்ளே போய்விட்டார்.

பருத்தித் தாளில் ஒரு கால் பகுதியைக் கிழித்துத் தங்கச்சியிடம் கொடுத்தேன். விலையைக் கேட்டதும் அவள் கை நடுங்கியது. "வேணாம்க்கா, கெட்டுப்போயிடும்." கெட்டால் பின்பக்கம் இருக்கிறது என்றேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது. வானத்தில் ஒரு இடத்தில் தண்ணீர் கூடிப் பூப்பூவாக விரிந்திருந்தது. ஆனால் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் குடையோடு தாத்தா நின்றார். அவர் வேட்டிக்கு அவள் நிறமே பூசவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள்.

கீழே ஒரு மெசேஜ். "அக்கா, அடுத்த தடவை வரும்போது ரெண்டு தாள் கொண்டு வா. பாலத்தையும் போடணும்."